அதிராவின் உயரம்

ஷர்மினி டீச்சருக்கு நன்றாக ஆட வரும் என்ற பேச்சைப் பள்ளியில் கிளப்பிவிட்டது யார் என்று அவளுக்கே தெரியாது. சிறுமியாக இருந்தபோது சில வருடங்கள் பரதம் கற்று, அரங்கேற்றத்துக்கு முன்பே சலங்கையைக் கழற்றி வைத்தவள் அவள். இப்போது பினாங்கில், ஜார்ஜ் டவுன் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. ஆனாலும் பரிசளிப்பு விழா நெருங்கியதும் தலைமையாசிரியர் சந்திரசேகரன் நேராக அவள் மேசைக்குத்தான் வந்தார்.

"ரெண்டாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு டான்ஸ் போட்டுக் குடுங்க டீச்சர். சிம்பிளா இருந்தா போதும் லா. எல்லாப் பிள்ளைங்களும் ஆடணும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! கடினமான நடனம் என்றால் ஆடத் தெரிந்த நாலு பேரைப் பிடித்து ஆடவிட்டு ஓரமாக நின்றுகொள்ளலாம். எளிய நடனத்தை ஆடப் போவதோ, சோற்றுக் கை எது என்று கேட்டால் ஒரு கணம் யோசிக்கிற பிள்ளைகள். முதல் நாள் ஷர்மினி தாளத்தை எண்ணிக் காட்டினாள். கணக்குப் பாடம் இங்கேயும் வந்துவிட்டதே என்று பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

மறுநாள் அவள் எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு அசைவுகளுக்குப் பெயர் வைத்தாள். குவளைக்குக் குவளை தேநீர் ஆற்றுவது போலக் கையை மேலும் கீழுமாக இழுத்தால் 'தே தாரிக்'. கால் மாற்றிப் படகு போலப் பக்கவாட்டில் அசைந்தால் 'ஃபெர்ரி'. தலைமேல் கை வைத்துக் குறுக்கே ஓடினால் 'மழை வருது'. பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். தேநீர்க் கடைக்காரர் இழுப்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? ஷர்மினி அவர்களுக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி, கூடவே எல்லாவற்றையும் செய்து காட்டினாள். இசை ஆசிரியை ஸ்டெஃபனி பாட்டை ஓடவிட்டாள். ஒரு வாரத்தில் நடனம் ஓரளவுக்கு உருவம் பெற்றுவிட்டது.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் பிந்தியது. எல்லோரும் தே தாரிக் இழுத்து முடித்த பிறகுதான் அது குவளையைத் தூக்கும். எல்லோரும் இடப்பக்கம் அசைந்தால் அது அப்போதுதான் வலப்பக்கம் முடித்திருக்கும். அசைவில் பிழையே இருக்காது. ஆனால் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆடும். அந்தப் பிள்ளை அதிரா, ஷர்மினியின் சொந்த மகள். பள்ளியில் அம்மாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் போட்ட சட்டம். அதை அதிரா ஒருநாளும் மீறியதில்லை.

மூன்று வரிசை அமைத்தபோது, நடன வகுப்புக்குப் போகிற தனுஜாவும் அவள் தோழிகளும் முன்னால் நின்றார்கள். அதிரா கடைசி வரிசையின் நடுவில்.

அன்று பாயான் பாருவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அதிரா கேட்டாள். "அம்மா, என்னை ஏன் பின்னால போட்டீங்க?"

"நீ உயரம்மா. முன்னால நின்னா பின்னால உள்ளவங்களை மறைச்சிடுவே."

அந்தப் பொய் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. உண்மையில் அதிரா நடுத்தர உயரம்தான். அவளைவிட வளர்ந்த பையன்கள் இரண்டு பேர் நடு வரிசையிலேயே நின்றார்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அம்மா சொன்னதை அளந்தா பார்க்கும்? "ஓ" என்றாள் அதிரா. அத்தோடு கேள்வி முடிந்தது.

சாப்பிடும்போது கணவன் கோகுலன் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தான். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன். எதையும் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டான்.

"இவ உயரமா? யாருகிட்ட கதை விடுறே?"

அதிரா எழுந்து போகும்வரை காத்திருந்து ஷர்மினி குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர் மகள்னு முன்னால நிக்க வச்சா மத்த அம்மாமாருங்க சும்மா விடுவாங்களா? வாட்ஸ்அப்ல போட்டுக் கிழிச்சிட மாட்டாங்க?"

"முன்னால வேணாம், நடுவுல வைக்கலாம்ல? ஊரு பேசும்னு பயமா, இல்ல உன் புள்ள லேட்டா ஆடுறது உனக்கு வெக்கமா?"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். உறைக்கிற இடத்தில் உறைத்துவிட்டது. அதற்காக வரிசையை மாற்றினாளா? இல்லை. தன் பக்கம் நியாயம் இருப்பதாகக் காட்டிக்கொள்ள ஊர்ப்பேச்சு என்ற போர்வை கையிலேயே இருந்ததே.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதிரா காலையில் குடிக்கும் மைலோ பாலைத் தள்ளி வைத்தாள்.

"ஏன்மா, சூடா இருக்கா?"

"வேணாம். குடிச்சா இன்னும் வளந்துருவேன்."

அப்போதாவது ஷர்மினி சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பினாங்கு பாலத்துப் பக்கம் நெரிசல் தொடங்கியிருக்கும், புத்தகப் பையை வேறு காணவில்லை. உண்மையைச் சொல்லாமலிருக்க மனுஷருக்குக் காரணமா கிடைக்காது? குவளையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள்.

விழா நாள் விடிந்தபோது பள்ளி மண்டபத்தின் கூரைப் பலகை ஒன்று மழையில் ஊறி விழுந்து கிடந்தது. ஆளுக்கு அடி இல்லை. ஆனால் பிள்ளைகளை உள்ளே விட முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அவசர அவசரமாகக் கூடாரம் வந்தது. திங்கட்கிழமைதோறும் சபைக்கூடல் நடக்கும் திடலில், கொடிக்கம்பத்துப் பக்கம் வடிகாலுக்குத் தோண்டியிருந்ததால், எதிர்ப்பக்கம் வகுப்பறைக் கட்டடத்தை ஒட்டிக் கூடாரத்தைப் போட்டார்கள். நாற்காலிகளும் அங்கேதான். ஒத்திகை பார்க்க நேரமில்லை. ஷர்மினி கூடாரத்தின் முன் விளிம்பில், சிறப்பு விருந்தினரை மறைக்காமல் தரையோடு தரையாகக் குந்திக்கொண்டாள்.

அறிவிப்பு வந்தது. மஞ்சள் சட்டை, மஞ்சள் கால்சட்டையோடு பிள்ளைகள் ஓடி வந்து, சொல்லி வைத்தாற்போல மூன்று வரிசையில் நின்றார்கள். நின்றது கொடிக்கம்பத்தைப் பார்த்து! அந்தத் திடலில் கால் வைத்தால் கொடிக்கம்பத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு முதலாம் ஆண்டிலிருந்து ஊறிப்போன பழக்கம். நாட்டுப்பண் பாடுவது அப்படி, தலைமையாசிரியரிடம் திட்டு வாங்குவதும் அப்படி. விருந்தினருக்கும் பெற்றோருக்கும் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாக முதுகுகள்.

பாட்டு தொடங்கிவிட்டது. கூடாரத்தில் சிரிப்புக் கிளம்பியது. கத்திக் கூப்பிட ஷர்மினிக்கு வாய் வரவில்லை. முன் வரிசையில், அதாவது இப்போது வெகு தொலைவில், தனுஜா டீச்சரைக் காணாமல் சிலையாக நின்றாள். எல்லோரும் முன்னால் இருப்பவரைப் பார்த்து நிற்க, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பழகிய அதிரா மட்டும் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் ஆடவில்லை. பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"டீச்சர் இங்க இருக்காங்க லா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு முழுதாகத் திரும்பினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசை முதல் வரிசையாயிற்று. நட்ட நடுவில் அதிரா.

ஷர்மினி கைகளை உயர்த்தித் தே தாரிக் இழுத்தாள். அதிரா பார்த்தாள், பிறகு இழுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு, தரையில் குந்தியிருந்த டீச்சர் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அதிராவின் முதுகுதான். அவளைப் பார்த்து இழுத்தார்கள். அவளுக்கு இரு பக்கமும் நின்றவர்கள் டீச்சரைப் பார்ப்பதா அதிராவைப் பார்ப்பதா என்று தடுமாறினார்கள்.

அப்போதுதான் அதிராவின் முழங்கால்களை ஷர்மினி கவனித்தாள். இரண்டும் மடங்கியிருந்தன. காலில் ஏதாவது குத்திவிட்டதா என்று பதறினாள். அதிரா சட்டென்று பின்னால் திரும்பி, நடு வரிசைப் பிள்ளையின் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தாழ்ந்தாள்.

ஷர்மினிக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்து திடலே கலங்கியது. மறைத்துவிடக் கூடாதாம். அம்மா சொன்ன உயரத்தை மடக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது பிள்ளை.

கைகளைப் பாட்டோடு ஓட்டி, மகளை விரட்டி இழுத்துக்கொண்டு வரலாம். நேற்றுவரை அதைத்தான் செய்தாள். ஷர்மினி கைகளை நிறுத்தினாள். அதிரா அசையும்வரை பொறுத்திருந்து, அவள் கை தூக்கியபோது தானும் தூக்கினாள். அவள் ஃபெர்ரி அசைந்தபோது தானும் அசைந்தாள். பக்கத்துப் பிள்ளைகளின் தடுமாற்றம் நின்றது. பாட்டு ஓர் அடி முன்னால் போக, மொத்தக் கூட்டமும் ஓர் அடி பின்னால் அதிராவோடு போனது. எல்லோரும் சேர்ந்து பிந்தினால் அதைப் பிந்துவது என்று யார் சொல்வார்கள்? முன்னால் இருப்பவள் செய்வதையெல்லாம் செய்கிற பிள்ளைகள் ஆனதால், அத்தனை பேரும் முழங்காலை மடக்கிக்கொண்டே ஆடினார்கள். பாட்டு முடிந்த பிறகும் ஒரு தே தாரிக் மிச்சமிருந்தது. அதையும் கைதட்டலுக்கு நடுவே இழுத்து முடித்தார்கள்.

சிறப்பு விருந்தினர் ஷர்மினியைத் தேடி வந்தார். "இவ்ளோ சின்னப் பிள்ளைங்க முழுப் பாட்டுக்கும் பரதம் மாதிரி அரைமண்டியில நிக்கிறாங்களே டீச்சர்! முதல்ல முதுகைக் காட்டிட்டு ஒரே நேரத்துல திரும்புனது இன்னும் அருமை. எப்படி யோசிச்சீங்க?"

தலைமையாசிரியர் பூரித்துப் போய் நின்றார். ஷர்மினி 'நன்றி சார்' என்றாள்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும், சாவியைப் போடாமலே மகள் பக்கம் திரும்பினாள். "அதிரா, நீ உயரம் இல்லம்மா. அம்மா பொய் சொன்னேன்."

அதிரா விழித்தாள். "அப்ப ஏன் பின்னால போட்டீங்க?"

"நீ எல்லாரையும்விட லேட்டா ஆடுனே. பாக்குறவங்க சிரிப்பாங்கன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"இன்னிக்கும் லேட்டா?"

"ஆமா."

"வெக்கமா இருந்துச்சா?"

"உன்னைப் பாத்து இல்லம்மா. என்னை நெனச்சுத்தான்."

அதிரா குனிந்து முழங்கால் இரண்டையும் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று ஷர்மினி காத்திருந்தாள்.

"கால் ரொம்ப வலிச்சிச்சும்மா," என்றாள் அதிரா. "அப்ப நான் நிமிந்து நின்னே ஆடியிருக்கலாம்ல?"