இளையபெருமாளின் தொந்தி

தொந்தி விழுந்தபோது இளையபெருமாள் வருத்தப்படவில்லை, பெருமைப்பட்டார். இளவயதில் மிராசுதார் வயலில் அரை வயிற்றோடு அறுப்பு அறுத்தவர். கூலி உயர்த்திக் கேட்டுச் செங்கொடி பிடித்து, லத்தியடி வாங்கி, ஜெயிலுக்கும் போனவர். அன்றைக்கு ஊரிலேயே தொந்தி இருந்தது மிராசுதார் ஒருவருக்குத்தான். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில் இவருக்கும் கொஞ்சம் கிடைத்தது. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின் என்று ஆனபின் வரப்பில் நிற்பதுதான் வேலை. மூன்று வேளையும் சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிட்டார். "நம்ம வயிறும் நெறஞ்சிருக்குன்னு நாலு பேரு பாக்கட்டுமே" என்பார். பட்டினி கிடந்த மனுஷனை யார் குறை சொல்ல முடியும்?

அறுபதைத் தாண்டியதும் உடம்பு அடங்கிப்போனது. மனைவி அம்சம் பக்கத்தில் வந்து படுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால் குழம்பில் உப்பில்லை என்று எரிந்து விழுவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

கடைசியில், விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு மயிலாடுதுறை டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் தன்மையாகப் பேசினார்.

"வயசு ஒரு காரணம். ஆனா வயித்துல கொழுப்பு ஏறினா ஆம்பள ஹார்மோன் கொறையும். அது கொறஞ்சா கொழுப்பு இன்னும் ஏறும். சோத்தைக் கொறைங்க, நல்லா நடங்க. எடை எறங்கினா நெறைய பேருக்குத் தேறியிருக்கு. அடுத்த தடவ வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. இத மறைச்சா குடும்பம்தான் கெடும்."

சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தார். போலீஸ் தேடியபோது மூங்கில் கொல்லைக்குள் ஒளிந்திருந்தவருக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் அம்சம். அவளிடம் என்ன வெட்கம்?

வீடு வந்தபோது அம்சம் வாசலிலேயே நின்றாள்.

"சங்கத்து முருகையன் இப்பதான் ஒங்களத் தேடிட்டுப் போறாரு. இன்னைக்குக் கூட்டமே இல்லியாமே?"

அவள் குரல் உயர்ந்தது.

"ரெண்டு வருஷமா என்னை ஏறெடுத்துப் பாக்கல. இப்பப் பொய் சொல்லிட்டு வேற போறீங்க. எவளோ இருக்கா. அப்படித்தானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு இனித்தது. வெட்கக்கேடுதான், இருந்தாலும் இனித்தது. இந்த உடம்போடு, இந்த வயதில், தன்னை இன்னும் அப்படிப்பட்ட ஆம்பளையாக ஒருத்தி நினைக்கிறாளே! லத்திக்குப் பயப்படாத மனுஷன், 'எனக்கு முடியல' என்று சொல்லப் பயந்தார்.

"இருக்கா" என்றார்.

அம்சம் அழவில்லை. "ஒடம்புக்கு ஏதோ முடியலன்னு நெனச்சேன். அப்படி இருந்தா சாகுற வரைக்கும் பக்கத்துலயே கெடந்திருப்பேன்" என்றாள். நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, பூதலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

இளையபெருமாள் பதறிப்போய்த் தெருவுக்கு ஓடி வந்தார். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடியிருந்தது. முருகையன் கிட்டே வந்து முழங்கையால் இடித்தான்.

"இந்த வயசுலயுமாண்ணே? பலே ஆளுதான் நீங்க!"

அம்சம் அப்போதும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். இளையபெருமாள் முருகையனோடு சேர்ந்து சிரித்தார்.