'ஆமா'ன்னு மட்டும் சொன்னா போதும்

இலையுதிர்காலத்தில் தூரேவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பழையபடி திரும்பி வந்துவிட்டன. சொற்கள் திரும்பவில்லை. பேனாவைக் கரண்டி என்பான். ஆமாவும் இல்லையும் அவன் வாயில் இடம் மாறி வரும். கெட்ட வார்த்தைகள் மட்டும் ஒன்றுகூடத் தொலையவில்லை.

உப்சாலா பல்கலைக்கழகத்தில் புதன்கிழமைதோறும் கூடும் ஆய்வு மாணவர் கருத்தரங்கில் அவன்தான் மூத்தவன். ஊர்ப் பத்திரிகைகளில் வரும் இரங்கல் விளம்பரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடையில், தயாராக இருக்கும் இரண்டு வரிக் கவிதைகளைக் காட்டுவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். சிலர் அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவார்கள். ஏன் மாற்றுகிறார்கள் என்பதுதான் அவன் கேள்வி. ஐந்து அத்தியாயம். நாலு எழுதியாயிற்று. ஐந்தாவதுக்குத் தலைப்பு மட்டும் இருந்தது. "எல்லாம் மண்டைல இருக்கு" என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கடைசிக் கருத்தரங்கு முடிஞ்சாதான் பட்டத்துக்கு நாள் குறிக்க முடியும்" என்றார் பேராசிரியை சீவ். "ஜூன்ல நான் ரிட்டயர்டு. அப்புறம் இவனை யாரு ஏத்துப்பாங்க?"

அந்தக் கருத்தரங்கில் ஒரு முறை உண்டு. எதிர்த்துக் கேள்வி கேட்க வருபவர் முதலில் முழு ஆய்வையும் தன் வார்த்தைகளில் சொல்ல வேண்டும். பிறகு, "இது உன் ஆய்வுதானா?" என்று கேட்க வேண்டும். எழுதியவர் ஆமா என்ற பிறகுதான் மற்றதெல்லாம். வழக்கமாக வெளியூர்க்காரர் வருவார். இந்த முறை சீவ், தூரேவோடு ஒரே அறையில் இருந்து பட்டம் வாங்கிப் போன மோன்ஸைக் கூப்பிட்டார்.

கருத்தரங்குக்கு முந்தின ஞாயிறு மோன்ஸ் தூரே வீட்டுக்குப் போனான்.

"டேய், நீ 'ஆமா'ன்னு மட்டும் சொன்னா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். எங்க, சொல்லு."

"இல்ல."

"ஆமா."

"ஆமா."

"அவ்வளவுதான். கல்யாணத்துலயும் இந்த ஒரு வார்த்தைதான் கேப்பாங்க. நீதான் ரெண்டு வாட்டி சொல்லியிருக்கியே."

தூரே ஒரு வசவை விட்டான். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை மேசையில் பிளாஸ்க் காப்பியும் கிரீம் பன்னும் இருந்தன. மோன்ஸ் நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிக்கொண்டு போனான். தூரே ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தான். 'அமைதியாக உறங்கு' என்ற வரியை 'அமைதியாகக் குறட்டை விடு' என்று மாற்றிக் கொடுத்த விதவையின் கதை வந்தபோது, சரியான இடத்தில் மற்றவர்களுக்கு முன்னால் சிரித்தான்.

நாலாவது முடிந்தது. மோன்ஸ் ஒரு வாய் காப்பி குடித்தான்.

"அஞ்சாவதுல தூரே சொல்றது இதுதான். அந்த ஒரு சொல்லை மாத்துறது செத்தவருக்காக இல்ல. 'இந்த ஆளை எனக்குத் தெரியும், உங்க யாருக்கும் தெரியாது'ன்னு ஊரைப் பாத்து சொல்றதுக்காக."

அறையில் எல்லோரும் எழுதுவதை நிறுத்தினார்கள். சீவ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தூரே, இது உன் ஆய்வுதானா?" என்று மோன்ஸ் முறைப்படி கேட்டான்.

தூரே மோன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல."

யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"ஆமான்னு சொல்ல வர்றான்" என்றான் மோன்ஸ். "அவனுக்கு மாறி வரும்."

தூரே மேசையைத் தட்டினான். "இல்ல." தன் பிரதியைப் புரட்டி, ஐந்தாம் அத்தியாயத்தின் பக்கத்தைத் தூக்கிக் காட்டினான். மேலே ஒரு தலைப்பு. கீழே வெறும் வெள்ளை. பிறகு மோன்ஸைச் சுட்டினான்.

"நல்லா... இருக்கு. உன்னுது."

"அப்போ உன்னுது என்னப்பா?" என்று சீவ் கேட்டார்.

தூரே விரலை நெற்றியில் வைத்தான். வாய் இரண்டு முறை திறந்தது. "கரண்டி" என்றான். அது இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. கையை விரித்துக் காட்டினான்.

சீவ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நாலு அத்தியாயத்துக்கு அரைப் பட்டம் குடுக்கலாம், தூரே. அதோட முடிஞ்சிடும். முனைவர்னு போட முடியாது. சம்மதமா?"

"ஆமா" என்றான். ஞாயிற்றுக்கிழமை பழகியதைவிடத் தெளிவாக.

பேருந்து நிறுத்தத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. மோன்ஸ் அவன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நான் பண்ணது தப்பாடா?"

"ஆமா" என்றான் தூரே. உடனே தலையை ஆட்டினான். "இல்ல." அதுவும் சரியில்லை போலிருந்தது. மறுபடி "ஆமா" என்றான். இரண்டில் எதைச் சொல்ல வந்தான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. கண் கலங்க, நீளமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பேருந்து வந்தது. பையை மோன்ஸின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே ஏறினான்.