மூச்சு வாங்கும் இடம்

ஒரு மகளுக்குத்தான் சீதனம் கொடுக்க முடியும் என்று அப்பா சொன்னபோது இப்போலிதா வாய் திறக்கவில்லை. அக்காவான அவளுக்குக் கல்யாணம், தங்கை கமில்லாவுக்குக் கன்னியர் மடம் என்று முடிவாயிற்று.

நாளை கணவனோடு மாந்துவா நகருக்குப் புறப்படுகிறாள். இனி இந்தப் பொலோஞா ஊர்ப் பக்கம் எப்போது வருவாளோ. அதற்குள் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். என்மேல் கோபமா?

மடத்து வாசலில், கம்பித் தடுப்புக்கு அப்பாலிருந்து வயதான கன்னியாஸ்திரீ உதட்டைப் பிதுக்கினாள்.

"வரமாட்டாளாம்மா. தலைவலியாம்."

"அக்கா வந்திருக்கேன்னு சொன்னீங்களா?"

"சொன்னதும்தானே தலைவலியே வந்துச்சு! நீ கொண்டாந்த தேன் ரொட்டிய இப்படிக் குடு. எங்களுக்கெல்லாம் உன்மேல ஒரு கோபமும் இல்ல." பிறகு குரலைத் தணித்தாள். "கோயில்ல போய் உக்காரு. பாட்டுப் பழகுற நேரம். அதுக்கு மட்டும் அவளுக்குத் தலைவலி வராது."

பீடத்துக்குப் பின்னால் உயரமான கம்பித் திரை. முகங்கள் தெரியவில்லை, குரல்கள் மட்டும் வந்தன. இப்போலிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் அப்பா லூட் வாத்தியம் மீட்ட, சாப்பாட்டு மேசையைச் சுற்றி அக்காவும் தங்கையும் பாடிய காதல் பாட்டு! 'உன் கண்கள் என்னைக் கொன்றன' என்ற இடத்தில் இப்போது 'உன் காயங்கள் என்னை மீட்டன'. சொற்கள் ஆண்டவருக்குப் போய்விட்டன. மெட்டு அப்படியே இருந்தது.

கீழ்க்குரல் கமில்லாவுடையது. முன்பு இப்போலிதா பாடிய மேல்குரலை யாரோ ஓர் இளம்பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வரியின் முடிவில் இப்போலிதாவுக்கு எப்போதும் மூச்சு முட்டும். அவள் மூச்சு வாங்கும்வரை கமில்லா தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாடி முடித்ததும், "ஏன்க்கா, நீ பாடுறியா, மாடிப்படி ஏறுறியா?" என்று சிரிப்பாள்.

அந்த வரி வந்தது. இளம்பெண்ணுக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை. நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கமில்லாவின் சுரம் மட்டும் அங்கேயே நின்றது. இரண்டு குரலும் முட்டிக்கொண்டன. உள்ளே யாரோ பலகையைத் தட்டினார்கள்.

"சகோதரி அஞ்ஜெலிக்கா! யாருக்காக நிக்கிற?"

தங்கைக்கு மடத்தில் இப்போது அதுதான் பெயர் என்பதே இப்போலிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முக்காட்டுத் துணியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

உள்ளே முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். மூன்றாம் வரியில் இந்த முறை கமில்லா நிற்கவில்லை; சரியாகவே கடந்து போனாள்.

இப்போலிதா மட்டும் அந்த இடத்தில் மூச்சு வாங்கினாள்.