ஜூன் இருபது

மழைக்காலம் பிடிக்குமுன் பெட்டூனியாப் பூச்செடியைப் பாதிக்குப் பாதி வெட்டிவிட வேண்டும் என்பது ஷிகெஹாருவின் சட்டம். வெட்டினால்தான் செடி கண்டபடி ஓடாமல், குட்டையாய் அடர்ந்து, மூன்று வாரத்தில் மறுபடி பூக்கும். மருத்துவமனைக்குப் போகுமுன் காலண்டரில் ஜூன் இருபதை அவரே வட்டம் போட்டு வைத்திருந்தார். "பூவைப் பார்த்து இரக்கப்பட்டா செடி சீரழியும், கினுகோ" என்று நாற்பது வருடமாய் அவரிடம் திட்டு வாங்கியவள் அவர் மனைவி.

இந்த முறை இரக்கப்படவில்லை. விடிந்ததும் குனிந்தவள், பதினெட்டுத் தொட்டியையும் மொட்டையடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஊதாவும் வெள்ளையுமாய் இரண்டு பை நிறையப் பூ. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து அள்ளிப் போனது. கையைக் கழுவும்போது தொலைபேசி அடித்தது. அவரை இன்றைக்கே இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றாள் செவிலி. பூ பார்க்க வேண்டுமென்று ஒரே பிடிவாதமாம்.

இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் போன வாரமே கினுகோவிடம் சொல்லியிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. தெருமுனைவரை ஓடிப் பார்த்தாள். வண்டி போயே போய்விட்டது. பாழாய்ப்போன கத்தரி! நாற்பது வருடம் கேட்காத பேச்சை இன்றைக்குப் பார்த்தா கேட்க வேண்டும்?

டாக்ஸியிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் நுழையாமல், ஊன்றுகோலோடு நேரே தோட்டத்துக்குப் போனார். தொட்டி தொட்டியாய் வெறும் குச்சிகள்.

"என்னங்க, நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு எனக்கு..."

"சும்மா இரு." அவர் குனிந்து ஒரு தண்டை விரலால் தடவினார். "கணு விட்டுத்தான் வெட்டியிருக்கே. நான் இல்லாதப்பதான் உனக்குப் புத்தி வருது, என்ன?"

அவளுக்கு அழுகை முட்டியது. சிரித்து வைத்தாள்.

கடைசித் தொட்டியில், இலைக்கடியில், அவள் கண்ணுக்குத் தப்பி ஒரே ஒரு வெள்ளைப் பூ இருந்தது. கடவுளே, இதையாவது பார்த்துக்கொள்ளட்டும். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கத்தரி எங்க?"

"அது ஒண்ணுதானேங்க, இருந்துட்டுப் போகட்டுமே."

"இதான், இதான் உன்கிட்ட எனக்குப் பிடிக்காதது. மூணு வாரம் போகட்டும், இலையே தெரியாம பூக்கும். அப்பப் பாரு நீ."

கத்தரியைக் கொடுத்தாள். அவர் குனிந்து வெட்டப் பார்த்தார். இரண்டு முறை வெட்டு காற்றில் போனது. கினுகோ பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தண்டை ஆடாமல் அவருக்காகப் பிடித்துக்கொண்டாள்.