நடுத்தெருவின் ஒரு லிட்டர்

பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்கும். அகல வாய், வெள்ளை மூடி, பக்கத்தில் ஒட்டிய சீட்டு. சீட்டில் மணியம்மாளின் பெயரும் கதவு எண்ணும் தெருப் பெயரும் அழியாத மையில் எழுதியிருந்தன. சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த நர்மதா அதை மணியம்மாளின் கையில் கொடுத்து, செய்ய வேண்டியதை இரண்டு முறை சொன்னாள்.

"காலையில வேற யாரும் குழாய் திறக்கறதுக்கு முன்னாடி, முதல்ல வர்ற தண்ணிய இதுல பிடிச்சு வைங்கக்கா. வடிகட்ட வேணாம், காய்ச்ச வேணாம். எப்படி வருதோ அப்படியே. பத்து மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

"எங்க ஊட்டுது மட்டும்தானா மேடம்?"

"தெருவுக்கு ஒரு போர்வெல், ஒரு தொட்டி. அதனால தெருவுக்கு ஒரு பாட்டில். நடுத்தெருவுல உங்க குழாய்தான் முதல் குழாய்."

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏரிக்கு அந்தாண்டை பழைய பேட்டரிகளை உருக்கும் தொழிற்சாலை ஒன்று வந்து ஆறு வருஷம் ஆகிறது. அங்கிருந்து ஈயம் நிலத்தடிக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. ஊர்க்காரர்களுக்கு அது புரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் புரிந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றால் மாந்திரீகமும் பூச்சி மாத்திரையும் போதும் என்று பழகிப்போயிருந்தார்கள், அவ்வளவுதான். மணியம்மாளின் மகள் பூமிகாவுக்கு ஒன்பது வயது. வாரத்தில் நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். போன வருஷம் தலைகீழாகச் சொன்ன ஏழாம் வாய்ப்பாடு இந்த வருஷம் வரவில்லை.

ஆனால் மணியம்மாளுக்குப் பாட்டிலைப் பார்த்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. போன ஐப்பசியில் கொசுப்புழு பார்க்க வந்தவர்கள் அவள் வீட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "குடும்பம் நடத்தற லட்சணமா இது?" என்று தெரு முழுக்கக் கேட்கிறாற்போல் கத்தினார்கள். கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்று ஏக்கர் நெல் வைக்கிற வீடு. எதிர்வீட்டுப் பெண்கள் அந்த நோட்டீஸை ஒரு மாதம் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தண்ணீரைப் பார்க்க வருகிறவர்கள் திட்டத்தான் வருகிறார்கள் என்று அன்றைக்கு அவள் மனதில் பதிந்ததை நர்மதாவின் இரண்டு முறை விளக்கம் அசைக்கவில்லை.

விடிந்ததும் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று கொடகொடத்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. மஞ்சளாக, மேலே ஆடை மிதக்க, துருப்பிடித்த தகரத்தின் வாடையோடு. தினமும் பிடித்துக் குடிக்கிற தண்ணீர்தான். இதன்மேல் தன் பெயரை ஒட்டி சென்னையில் ஒரு மேஜையில் வைப்பார்கள் என்று நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் அந்தத் தெருவில் கேன் தண்ணீர் வாங்குவார்கள். முனைக் கடைக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்தாள். பாட்டிலைப் பளிச்சென்று கழுவி, கழுத்து வரை நிரப்பினாள்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் பூவராகவன் பார்த்துவிட்டான். "இன்னாமே, அந்தப் பொண்ணு கொழா தண்ணி தான கேட்டுது?"

"கேட்டா? என் பேர் போட்டுக்கீது அதுல. நாத்தத் தண்ணியக் குடுத்து இன்னொருக்கா மானம் போவணுமா?"

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனான்.

பத்து மணிக்கு நர்மதா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "குழாய்ல பிடிச்சதுதானேக்கா?"

"ஆமா மேடம். மொத தண்ணி."

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். ஏரிக்கரைத் தெரு, கிழக்குத் தெரு இரண்டிலும் தண்ணீரில் ஈயம், பிள்ளைகளின் வயிற்றையும் மூளையையும் கெடுக்கும், குடிக்கவே கூடாது. அந்தத் தொட்டிகளுக்குச் சிவப்பு வட்டம், தினம் லாரித் தண்ணீர், பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை. நடுத்தெருத் தொட்டிக்குப் பச்சை வட்டம் அடித்தார்கள். நடுத்தெருக்காரர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மணியம்மாள் மட்டும் கூட்டம் முடியுமுன் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாளே ஏரிக்கரைத் தெருவிலிருந்து செண்பகம் குடத்தோடு வந்து நின்றாள். இடுப்பில் நாலு மாதக் கைக்குழந்தை.

"லாரித் தண்ணில பாசி மெதக்குதுக்கா. புள்ளைக்குப் பவுடர் பால் கலக்கணும். ரெண்டு கொடம் புடிச்சிக்கினு போறேன்."

"எங்க தண்ணியும் நல்லால்ல செண்பகம்."

"இன்னாக்கா நீ? டெஸ்ட் பண்ணவங்களே நல்லதுன்னு எழுதிக்கிறாங்க. குடுக்க மனசு இல்லன்னா நேரா சொல்லு."

உண்மை வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு அவளே குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு செண்பகம் தினமும் வந்தாள். அவள் தலை தெரிந்தாலே மணியம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விடுவாள். மாடு பாவம், அந்த மாதம் நன்றாகத் தின்றது.

ரத்தம் எடுக்கும் முகாம் தொடங்கியதும் பூமிகாவை இழுத்துக்கொண்டு போனாள். பச்சைத் தெரு என்று சொல்லி, இரண்டு பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வகுப்பில் பூமிகாவுக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்து, சீருடை முழுக்க ரத்தம். அன்று சாயங்காலம் மணியம்மாள் நர்மதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நர்மதாவின் குரல் உடைந்து வந்தது.

"நான் பக்கத்துல நின்னு பிடிச்சிருக்கணும்க்கா. தப்பு என்னோடதுதான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இப்ப நான் சொல்றதக் கேளுங்க. சனங்க கையால நிரப்புன பாட்டில நம்பக்கூடாதுன்னு இந்த ரிப்போர்ட்ட எதிர்த்து கேஸ் போட்ட பேட்டரி கம்பெனியோட வக்கீல் கோர்ட்டுல வாதாடிட்டிருக்கார். ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மொத்த ரிப்போர்ட்டும் போயிடும். லாரி நிக்கும், முகாம் நிக்கும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. புதுசா சாம்பிள் எடுக்க அனுமதி கேக்கறேன்."

ஒரு வாரம் போயிற்று. அனுமதி வரவில்லை. பூமிகாவுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. இந்த முறை தெளிந்து எழுந்தவள் அம்மாவை யாரோ என்பதுபோல் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் மணியம்மாளுக்கு உயிர் போய் வந்தது.

முகாமின் கடைசி நாள். பிள்ளைகளோடு பெண்கள் வராந்தா நீளத்துக்கு நின்றிருந்தார்கள். மணியம்மாள் பூமிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"எந்தத் தெரு?" தலையைத் தூக்காமல் கேட்டாள் நர்ஸ்.

"நடுத்தெரு."

"அது பச்சத் தெரும்மா. லிஸ்ட்ல இல்ல. அடுத்து வாங்க."

மணியம்மாள் நகரவில்லை. இத்தனை பேர் எதிரில் சொல்ல வேண்டும். சொன்னால் இவர்களுக்கு வரும் லாரித் தண்ணீர் நாளைக்கு இல்லாமல் போகலாம். பூமிகாவின் கை அவள் கைக்குள் குச்சிபோல் இருந்தது.

"அந்தப் பாட்டில்ல இருந்தது எங்க கொழா தண்ணி இல்ல," என்றாள். சொல்லத் தொடங்கியதும் குரல் தானாக உயர்ந்தது. "கேன் தண்ணி. நான்தான் ஊத்துனேன். எங்க தெருவுக்குப் பச்ச கெடயாது. எம் பொண்ணுக்கு ரத்தம் எடுங்க."

நர்ஸின் பேனா நின்றது.

இரண்டு பேருக்குப் பின்னால் செண்பகம் நின்றிருந்தாள். அவள் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து பால் புட்டியின் ரப்பரை அவள் வெடுக்கென்று பிடுங்கியதும் வீறிட்டு அழுதது. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செண்பகம் முன்னால் வந்தாள். அடிப்பாள் என்று மணியம்மாள் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?" என்றாள் செண்பகம்.

நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள்.

"மொத நாள்லேந்து," என்றாள் மணியம்மாள்.