தழும்பு இருந்த கன்னம்

அச்சுக் கல்லில் வரைந்திருந்த முகத்தைப் பார்த்ததும் ஒனோரின் தூரிகையைக் கீழே வைத்தாள். கிரேக்கத்து மாவீரன் அக்கிலீஸ் இரவுக் குல்லாயோடு, வெந்நீர்த் தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான். இடது கன்னத்தில் வாள் தழும்பு. அவள் அப்பா பஸ்தியானேதான்.

அந்த அச்சுக்கூடத்தில் படங்களுக்கு வர்ணம் பூசுகிறவள் அவள். மாவீரனுக்கு மாதிரியாக உட்கார ஆள் வேண்டும் என்று ஓவியர் வெர்னூ கேட்டதும், ஒரு காலத்தில் பேரரசரின் படையில் இருந்த அப்பா தன் பழைய படைச் சட்டையின் பித்தான்களைத் துலக்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை அச்சுக்கூடத்துக் கடை ஜன்னலில் என் படத்தை வந்து பாருங்கள் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

"எங்கப்பாவை இப்படிப் பண்ணலாமா ஐயா? தெருவே சிரிக்கும்."

"பாரிஸே சிரிக்கணும்னுதாம்மா இந்தக் கேலிப்படம் வரையறேன்," என்றார் வெர்னூ.

"அந்தத் தழும்பையாவது எடுத்துடுங்க."

"இத்தனை வருஷமா இங்க இருக்க, தெரியாதா? கல்லுல இருக்கற இடது கன்னம் அச்சுல வலதாயிடும். ஆளே மாறிடுவான். போ, குல்லாய்க்குப் பச்சை போடு."

போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் முன்னால் ஒரே கூட்டம். கரி விற்கும் மர்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோவ் பஸ்தியான், எங்கய்யா உம்ம படம்? இந்தச் சளி பிடிச்சவனையில்ல மாட்டியிருக்கான்!"

அது அவர்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒனோரினுக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்பா அசையவில்லை. அவர் கை மெல்ல ஏறிக் கன்னத்தைத் தொட்டது.

"அது வேற யாரோப்பா," என்றாள் அவசரமாக. "தழும்பு அந்தப் பக்கம் இருக்கு பாருங்க."

"ஊருக்கு வேற யாரோதான்." குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. "நான் என் மூஞ்சியை எங்கம்மா பாத்திருக்கேன்? சவரக் கண்ணாடியிலதானே, அதுலயும் தழும்பு அந்தப் பக்கம்தான். முப்பத்தஞ்சு வருஷமா தினம் காலையில இவன்தான் என்னைப் பாக்கறான்."



"என்னய்யா, அப்பனும் பொண்ணும் ரகசியம்?" என்றாள் மர்கோ.

"என் படம் சரியா வரலையாம். போடலை," என்றார் பஸ்தியான்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் ஏறினார்கள். பஸ்தியான் கேட்டார்:

"குல்லாய்க்குப் பச்சை நீ போட்டதா?"

"ஆமாம்பா."

"கோடு தாண்டாம போட்டிருக்க."