மாமா தனியாகப் பார்த்த கடைசி எபிசோடு

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அறிவியல் புனைவுப் படங்கள், தொடர்கள், வீடியோ கேம்கள் பற்றி ஒரு வார இதழில் அபிப்பிராயம் சொல்லிப் பிழைப்பவள் நான். அபிப்பிராயம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. அதை அச்சில் ஏற்ற இடம் கிடைத்தது எனக்கு மட்டும்தான். பல வருடங்களாக ஓடிய விண்வெளித் தொடர் ஒன்று சமீபத்தில் முடிந்தது. அதன் கடைசி எபிசோடு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எழுத உட்கார்ந்தபோது வாசல் மணி அடித்தது. அக்கா பெட்டியோடு நின்றாள்.

கட்டுரை அங்கேயே நின்றது. கதை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

(இந்த வாக்கியம் கொஞ்சம் அலட்டல்தான். ஆசிரியர் வெட்டினால் வெட்டட்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பிரபஞ்சத்தின் விளிம்பில் ஒரு கதவு இருந்தது." அடித்துவிட்டேன். பிரபஞ்சத்துக்கும் எங்கள் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்தது: "ஒரு பெண் கணவனைவிட்டு வெளியேறும்போது அவள் கையிலிருக்கும் பெட்டியின் கனம்..."

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடி, உதை, இன்னொருத்தி என்று எதிர்பார்ப்பீர்கள். அதற்கெல்லாம் மாமாவுக்குச் சாமர்த்தியம் போதாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரின் கடைசி எபிசோடை அக்கா இல்லாமல் மாமா தனியாகப் பார்த்துவிட்டார். அதனால் அவள் வீட்டைவிட்டு வந்துவிட்டாள்.

சிரித்தீர்களா? நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

3

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தெளிவாகும். ஒவ்வொரு சொல்லும் நடைமேடை எண்ணோடு வந்து நிற்கும். மாமா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். விண்வெளிப் படங்கள்மேல் அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"எல்லாக் கதவும் தானா தொறக்குது, தானா மூடுது. ஒரு தடவையாவது மாட்டிக்கிச்சா? இத யாரு சர்வீஸ் பண்றான்னு எந்தப் படத்துலயாவது காட்டறானா?"

என் குறைகள் வேறு. மனிதனாக வேண்டும் என்று ஏங்கி அழும் ரோபோக்களை எனக்குப் பிடிக்காது. ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்க்கவிட்டால் அந்த ஆசை போய்விடும். காலப் பயணக் கதைகளையும் நம்பமாட்டேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு கால இயந்திரம் கிடைத்தால் யாரும் போரை நிறுத்தப் போகமாட்டார்கள். பின்னோக்கிப் போய், "இதத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்தவை வீடியோ கேம்கள்தான்.* உலகம் அழியப்போகிறது. வீரனோ யாருடைய பூனையையோ தேடிக்கொண்டிருக்கிறான். வாழ்க்கையை இதைவிட யதார்த்தமாக எந்த இலக்கியமும் காட்டியதில்லை.

[* மாமாவுக்கும் பிடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நானே வந்து சொல்கிறேன்.]

தொடர் இதுதான். தூரத்து விண்கல் ஒன்றின்மேல் ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காக்க ஒரு கேப்டன் அம்மாள், அவளுக்குச் சமைத்துப்போட ஒரு ரோபோ. அங்கே ஒரு பூட்டிய கதவு. முதல் எபிசோடிலிருந்து உள்ளேயிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். யாரென்று கடைசி எபிசோடில்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் அக்காவும் மாமாவும் இதைப் பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். கல்யாண மேடையில்கூட அவ்வளவு தெளிவாக எதையும் சத்தியம் செய்திருக்கமாட்டார்கள். அக்காவுக்கு மாலை நேர வேலை என்றால் மாமா டிவி பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்.

4

மாமாவுக்குப் பித்தப்பையில் கல். எடுத்தாக வேண்டும் என்றார்கள். டாக்டர் "சின்ன ஆபரேஷன்" என்றார். அடுத்தவர் வயிறு என்றால் எல்லாமே சின்ன ஆபரேஷன்தான். அக்காவும் அதையே பிடித்துக்கொண்டாள். போனில் விசாரித்தவர்களிடம், பக்கத்து வீட்டில், மாமாவிடம் என்று எல்லோரிடமும் அதே குரலில், "சின்ன ஆபரேஷன்தான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் அரைகுறையாகத் தெளிந்த நிலையில் அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உளறினார்.

"கதவத் தொறக்காத... உள்ள இருக்கறது அந்தச் சமையக்கார ரோபோதான்... எல்லாம் அவன் வேலை..."

சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ சார்! நான் இன்னும் மூணாவது சீசன்லதான் இருக்கேன்!"

(இந்த நர்ஸ்மேல் எனக்கே சந்தேகம் உண்டு. கதைக்குத் தோதாக அவரும் அதே தொடரைப் பார்ப்பாரா? நானாகக் கற்பனை செய்திருந்தால் இப்படி ஒருவரை வைத்திருக்கமாட்டேன். ஆனால் அக்கா சத்தியம் செய்கிறாள். அதன்பிறகு ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே போடப்பட்டதாம்.)

அக்கா வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டாள். அந்த எபிசோடின் அடியில், பார்த்த அளவைக் காட்டும் சிவப்புக் கோடு ஏறக்குறைய கடைசிவரை ஓடியிருந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தபோது, ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், மாமா பார்த்திருக்கிறார்.

அவள் அப்போதே வெளியேறவில்லை. கஞ்சி கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், சாய்ந்து நடக்கத் தோள் கொடுத்தாள். தையல் பிரித்த அன்று அவரை வீட்டில் விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

"கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் என்னிடம்.

5

இப்போது என் சங்கடத்தைக் கேளுங்கள். முடிவு எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் இருப்பது ரோபோ இல்லை.

அப்படியானால் மாமா முடிவைப் பார்க்கவில்லை. இல்லையென்றால், பார்த்ததை மயக்க மருந்து குழப்பிவிட்டது. எதுவாக இருந்தாலும் அவர் அக்காவுக்கு எதையும் கெடுத்துவிடவில்லை. ஆனால் அதை நிரூபிக்க நான் முடிவைச் சொல்லியாக வேண்டும். முடிவைச் சொன்னால் நானும் பெட்டியோடு எங்காவது போக வேண்டியிருக்கும்.

ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, மாமா சொன்னது முடிவு இல்ல."

"என்ன சொல்ற?"

"ரோபோ இல்லன்னு சொல்றேன்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் குரல் தெளிவாகத் தொடங்கியது.

"அவரு தப்பா சொன்னாரு. சரி. ரோபோவா இருக்குமோ, இருக்காதோன்னு எனக்கு இன்னும் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருந்துச்சு. இப்ப நீ அதையும் எடுத்துட்ட."

"உன் குடும்பத்தச் சேத்து வைக்கலாம்னு பாத்தேன்கா."

"குடும்பத்த நான் பாத்துக்கறேன். நீ வாய மூடு."

6

அன்று மத்தியானம் மாமா வந்தார். கனமானதைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வெறுங்கையோடு வந்தார். வயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்று முதல் வார்த்தையாக, "உங்க லிஃப்ட் மூணாவது மாடில ஒரு உலுக்கு உலுக்குது. சொல்லி வை" என்றார் என்னிடம்.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். "நட்சத்திரங்களுக்கிடையே..." என்று தொடங்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

"நான் முழுசாப் பாக்கல" என்றார். "அந்தம்மா கதவுல கைய வைக்கும்ல, அங்க நிறுத்திட்டேன். கோடு முழுசா இல்லையே, நீ பாக்கலையா?"

"மிச்சம் வெறும் பேரு ஓடற நேரம்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் மட்டும் பாக்கலாமா? என்ன அவசரம் உங்களுக்கு?"

மாமா சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேம்ல பெரிய சண்டைக்கு முன்னாடி சேவ் பண்ணிக்கலாம். செத்தா அங்கேருந்து திரும்ப வரலாம். நெசத்துல அந்த பட்டன் இல்ல. திரும்பி வரலன்னா, கதவுக்குப் பின்னாடி யாருன்னே தெரியாமப் போயிடுவேனேன்னு போட்டேன். நீ பக்கத்துல இல்லாம அதுக்கு மேல பாக்க முடியல. மறுநாள் மருந்து குடுத்தப்ப அந்தக் கதவுதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அப்புறம் என்ன சொன்னேனோ, எனக்கே தெரியாது."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீதான் காலைலேருந்து ராத்திரிவரைக்கும் சின்ன ஆபரேஷன், சின்ன ஆபரேஷன்னு அறிவிச்சுட்டே இருந்தியே."

அக்கா வாயைத் திறந்தாள். அவள் குரல் தெளிவில்லாமல் வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"அது உங்களுக்குச் சொன்னது இல்லங்க. எனக்கே சொல்லிக்கிட்டது."

நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். யாரும் குடிக்கவில்லை. நானே குடித்தேன்.

7

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில் இருவரும் எபிசோடைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறார்கள். பூட்டிய கதவே மேல் என்று. அழகான முடிவுதான். ஆனால் அக்காவைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாவதில் அந்த நர்ஸ் வந்து... நர்ஸ் எதற்கு வருகிறார் என்று எனக்கே தெரியாததால் விட்டுவிட்டேன். மூன்றாவதில், உருக்கமான அந்த எபிசோடை அவர்களோடு சேர்ந்து மறுபடி பார்த்து, என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறேன்.

நடந்தது வேறு. அக்கா மூக்கைச் சிந்திவிட்டு டிவியைப் போட்டாள். மாமாவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். அக்கா ரிமோட்டால் வாசலைக் காட்டினாள்.

"நீ வெளிய போ."

"இது என் வீடுக்கா."

"உனக்கு முடிவு தெரியும். மூஞ்சியிலயே காட்டிக் குடுத்துடுவ. போ."

மாமா என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். ஆனால் என் பக்கம் பேசவில்லை.

அதனால் இதை எழுதும் நான், இந்தக் கதை முடியும் நேரத்தில், என் வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. டிவியில்தான். பிறகு அதுவும் நின்றது. கேப்டன் அம்மாள் கையை வைக்கும் இடம். அப்புறம் அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா, "இதுக்குத்தானா இத்தனை வருஷம்" என்ற கோபமா, கதவுக்கு இந்தப் பக்கம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாமா ஏதோ சொன்னார். அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. எனக்குத்தான் அனுமதி இல்லை. உங்களுக்கு முடிவு தெரியாதே, நீங்கள் உள்ளே போகலாம். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள், நகர்ந்து இடம் கொடுப்பாள். மாமாவின் வயிற்றில் மட்டும் இடித்துவிடாதீர்கள்.